பங்கு என்னும் சொல்

தமிழகக் கத்தோலிக்கர் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் ஒன்று 'பங்கு'. பங்குத்தந்தை, பங்குமக்கள், பங்குப் பேரவை, பங்குத் திருவிழா என்று அச்சொல் நம் நாவில் பழகிப்போய்விட்டது. பழகிய சொல்லை நாம் உற்றுப் பார்ப்பதில்லை. ஆயினும், செங்கல்பட்டுச் சீமையில் வாழும் நமக்கு இச்சொல் ஆலயத்திலிருந்து மட்டும் வந்ததன்று. வயலிலும் கடற்கரையிலும் அது வழங்கி வந்திருக்கிறது.

தொண்டை மண்டலத்து மிராசு ஊர்களில் நிலவுரிமை பங்குகளாகவே கணக்கிடப்பட்டது. இந்த ஊருக்கு இத்தனை பங்கு, இன்ன குடும்பத்துக்கு அதில் இத்தனை என்பது கணக்கு. 1818-இல் எல்லிஸ் துரை மிராசு உரிமை குறித்து எழுதிய விளக்கங்கள் இம்முறையை விரிவாகக் காட்டுகின்றன. பங்கு உடையவர் ஊரை உடையவர். சேற்றில் இறங்கி உழுது, நட்டு, அறுத்துக் களம் சேர்த்தவருக்கோ அந்தக் கணக்கில் பங்கு கிடையாது. அவர்களுடைய அவல நிலையைச் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891-இல் அறிக்கையாக எழுதினார். அதன் விளைவாக 1892-இல் அரசு அம்மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதையே.

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலான குப்பங்களில் 'பங்கு' என்றால் வேறு கணக்கு. கரைவலையை ஒருவராக இழுக்க முடியாது. பலர் கூடி இழுத்து, கிடைத்த மீனை விற்று, படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். அங்கே உழைப்பே பங்கைத் தருகிறது.

மூன்றாவது, திருச்சபையின் பங்கு. இது மிராசுப் பங்கைப் போன்றதா, கரைவலைப் பங்கைப் போன்றதா? அன்றி, இரண்டையும் போலாததா? நம் ஊர்களில் திருவருட்சாதனங்கள் கொண்டாடப்படும் முறையைப் பார்க்கும்போது இக்கேள்வியைத் தவிர்க்க முடிவதில்லை.

யாருடைய விழா?

திருமுழுக்குச் சடங்கின் தொடக்கத்தில் குரு பெற்றோரிடம் குழந்தையின் பெயரைக் கேட்கிறார். பின்பு, கிறிஸ்தவச் சமூகம் அக்குழந்தையை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வதாக அறிவித்து, அதன் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைகிறார். இதைச் சொல்லிவிட்டுக் குரு நிமிர்ந்து பார்க்கும்போது அவர்முன் நிற்பவர் யார்? ஞாயிறு மாலை நான்கு மணி. காலைத் திருப்பலிக்கு வந்த மக்கள் எல்லாரும் வீடு திரும்பிவிட்டார்கள். நெருங்கிய உறவினர் சிலரும், ஞானப்பெற்றோரும், போட்டோ எடுப்பவரும், வீடியோ விளக்கைப் பிடித்திருக்கும் இளைஞரும் நிற்கிறார்கள். வரவேற்பதாகச் சொல்லப்பட்ட சமூகத்தைக் காணவில்லை.

குடும்பத்தின் மகிழ்ச்சியை நாம் குறை கூறவில்லை. பிள்ளை பிறந்த வீட்டில் பாயசம் வைப்பதும் உறவினரைக் கூப்பிடுவதும் நம் மண்ணின் நல்ல பண்பு. கானாவூர்த் திருமண வீட்டில் நம் ஆண்டவரும் விருந்தினராகவே இருந்தார். எனினும், வீட்டு விசேஷம் திருவருட்சாதனத்தை விழுங்கிவிடும்போது துன்பப்படுவது யார் என்பதைக் கவனிக்க வேண்டும். வசதியுள்ள வீட்டில் மண்டபமும் கறிவிருந்தும் நடந்தால், அடுத்த தெருவில் கூலிவேலை செய்பவருக்கும் அதுவே அளவுகோலாகிவிடுகிறது. விருந்து வைக்கப் பணம் சேரட்டும் என்றும், சீர் செய்யக்கூடிய ஞானப்பெற்றோர் கிடைக்கட்டும் என்றும் அவர் காத்திருக்கிறார். பிறந்த முதல் சில வாரங்களுக்குள் குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம். இங்கோ குழந்தை நடக்கத் தொடங்கிவிடுகிறது. அருளுக்கு விலை இல்லை. விருந்துக்கு விலை உண்டு. விருந்தின் விலை அருளின் வாசலில் நின்றுகொண்டு ஏழையைத் தடுக்கிறது. ஏழ்மையை முன்னிட்டு எவரும் அருட்சாதனத்தை இழந்துவிடக் கூடாது என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு குருக்களுக்குக் கட்டளையிடுகிறது. அக்கட்டளையின் கருத்து நம் விருந்து முறைகளையும் தொட வேண்டாமா?

கோவளத்துக் கார்மேல் அன்னை ஆலயத்தை 1808-இல் கட்டியவர் ஜான் டி மான்டி என்ற சென்னை வணிகர். பணம் அவருடையது. ஆனால் கட்டி முடித்த ஆலயம் அவருடைய வீட்டுக் கோயிலாக நிற்கவில்லை. கடலுக்குப் போகிறவர்களும் கரையில் கூடை சுமக்கிறவர்களும் மண்டியிடும் பங்கு ஆலயமாயிற்று. செல்வன் ஒருவனின் மகிழ்ச்சி எவ்வாறு எல்லாருடைய மகிழ்ச்சியாகலாம் என்பதற்கு நம் கடற்கரையிலேயே சான்று உண்டு.

செல்லுமா, பயன் தருமா?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். "மாலையில் நடந்தால் என்ன, காலையில் நடந்தால் என்ன? நூறு பேர் இருந்தால் என்ன, நான்கு பேர் இருந்தால் என்ன? தண்ணீர் ஊற்றி, மூவொரு இறைவனின் பெயரைச் சொன்னால் திருமுழுக்கு செல்லும் அல்லவா?" என்று கேட்கலாம். உண்மை, செல்லும். தகுதியற்ற பணியாளர் அளித்தாலும் திருமுழுக்கு அளிப்பவர் கிறிஸ்துவே என்று புனித அகுஸ்தீன் தொனாத்துக் கொள்கையினருக்கு எதிராக வாதிட்டார். மனிதரின் புண்ணியத்தை நம்பியல்ல, செயலின் ஆற்றலாலேயே அருட்சாதனங்கள் அருளைத் தருகின்றன என்று திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1547-இல் அறுதியிட்டுக் கூறிற்று. இது நமக்குப் பெரும் ஆறுதல். பணியாளரின் குறையும் பங்கின் பூசலும் கடவுளின் கையைக் கட்டிவிட முடியாது.

ஆனால் இந்த ஆறுதலை நாம் சாக்காக மாற்றிவிடக் கூடாது. அருட்சாதனம் செல்லுகிறது என்பது கடவுள் தம் வாக்கில் உண்மையாயிருக்கிறார் என்பதற்குச் சான்று. அது நாம் உண்மையாயிருக்கிறோம் என்பதற்குச் சான்றாகாது. அருட்சாதனம் ஓர் அடையாளம். அடையாளம் எதைக் காட்டுகிறதோ அதை நம் வாழ்வு மறுத்தால், கடவுள் கொடுப்பதை நிறுத்துவதில்லை. நாம்தான் பெற்றும் பெறாதவர்களாகிறோம். நற்கருணை நம்மைக் கொண்டுசேர்க்கும் இறுதிப் பயன் கிறிஸ்துவின் மறையுடலாகிய திருச்சபையின் ஒற்றுமையே என்று புனித தோமா அக்குவினாரும் கற்பிக்கிறார். ஒற்றுமையை ஆக்க வந்த அப்பத்தை உண்டுவிட்டு வேற்றுமையோடு எழுந்து போவது, மருந்தை வாங்கிப் பரணில் வைப்பதை ஒக்கும்.

கொரிந்து நகரத்துச் சபைக்குப் பவுலடிகள் எழுதியது இதைத்தான். அங்கே திருவிருந்து நடக்காமல் இல்லை. செல்வர் முன்னதாக வந்து உண்டு குடித்தனர். வேலை முடிந்து பின்னால் வந்த ஏழைகள் பசியோடு நின்றனர். நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அன்று என்று அவர் கடிந்துகொண்டார். ஆண்டவரின் உடலை உணராமல் உண்பவர் தமக்கே தீர்ப்பைத் தேடிக்கொள்கிறார் என்றும் எச்சரித்தார். அந்த 'உடல்' பீடத்தின்மேல் உள்ள அப்பம் மட்டுமன்று, பசியோடு வாசலில் நின்ற சகோதரனும் அந்த உடலே என்பதை அக்கடிதத்தைத் தொடர்ந்து படித்தால் அறியலாம்.

தொட்டுத் தரும் அருள்

கொரிந்தின் கதை நம் நாட்டில் வேறு வடிவில் நடந்தது. 1703-இல் திருத்தந்தை பதினோராம் கிளமெந்தின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் ஆண்டகை, 1704-இல் தமிழகத்து இயேசு சபை மறைபரப்பாளருக்குப் பல விதிகள் கொண்ட ஓர் ஆணையை வெளியிட்டார். அவற்றுள் இரண்டை இங்கே எண்ணிப் பார்ப்போம். அக்காலத் திருமுழுக்குச் சடங்கில் குரு தம் உமிழ்நீரால் குழந்தையின் காதையும் மூக்கையும் தொடுவது வழக்கம். எச்சில் என்று மக்கள் அருவருப்பார்கள் என எண்ணி மறைபரப்பாளர் அதை விட்டுவந்தனர். விடக் கூடாது என்றது ஆணை. தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த நோயாளிகளின் வீடுகளுக்குள் குருக்கள் போவதில்லை. போனால் மற்றச் சாதியார் அவர்களை ஒதுக்கிவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தது. அந்த வீடுகளுக்குள் சென்று அருட்சாதனங்களை வழங்கியே ஆக வேண்டும் என்றது மற்றொரு விதி.

முதல் விதியில் தூர்னோன் நம் மக்களின் பண்பாட்டைச் சரியாக உணரவில்லை எனலாம். இன்றைய சடங்கில் உமிழ்நீரும் இல்லை. இரண்டாம் விதி அவ்வாறு தள்ளத்தக்கதன்று. அதைக் குறித்து நெடுங்காலம் வழக்கு நடந்தது. முடிவில், தாழ்த்தப்பட்ட மக்களுக்கெனத் தனிக் குருக்களை ஒதுக்குவதாக இயேசு சபையார் முன்வைத்த ஏற்பாட்டைத் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் 1744-இல் ஏற்றுக்கொண்டார். அந்த வீடுகளுக்குக் குரு கிடைத்தார் என்பது நன்மை. அதற்காக ஒரே குருத்துவம் இரு வரிசையாகப் பிரிந்து நின்றது என்பது அந்நன்மைக்குக் கொடுத்த விலை. அம்மறைபரப்பாளர் கல் நெஞ்சர் அல்லர். பலர் இம்மண்ணுக்காகவே உயிரைக் கரைத்தவர்கள். நற்செய்தி பலரைச் சேர வேண்டும் என்ற ஆவலில், சிலரின் வாசலை விட்டுக்கொடுக்கலாம் என்று எண்ணினார்கள். நல்லெண்ணம் உடையோருக்கும் வரக்கூடிய சோதனை இது. ஆகையால்தான் அதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

ஏழு அருட்சாதனங்களையும் எண்ணிப் பாருங்கள். தலையில் ஊற்றும் நீர், நெற்றியில் பூசும் எண்ணெய், கையில் அல்லது நாவில் வைக்கும் அப்பம், நோயாளியின்மேல் வைக்கும் கை, திருநிலைப்பாட்டில் ஆயர் தலைமேல் வைக்கும் கை, மணமக்கள் பற்றிக்கொள்ளும் கை என்று பெரும்பாலானவை தொட்டே தரப்படுகின்றன. கடவுள் தம் அருளைத் தூரத்திலிருந்து வீசி எறியவில்லை. தொழுநோயாளியை ஆண்டவர் தொட்டார் என்றே நற்செய்தி சொல்கிறது. அவ்வாறாயின் தீண்டாமையும் திருவருட்சாதனமும் ஒரே கூரையின்கீழ் குடியிருக்க முடியாது. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது வெறுஞ் சடங்காகிவிடும்.

இது பழங்கதை என்று தள்ளிவிடுவதற்கில்லை. தனிக் கல்லறை, தனித் தெருப்பவனி, தனி இருக்கை என்று இவ்வேற்றுமை தமிழகப் பங்குகள் பலவற்றில் நீடித்தது. விழுப்புரம் பகுதியிலுள்ள எறையூரில் 2008 மார்ச்சில் ஒரே பங்கைச் சேர்ந்த இரு சாதிக் கத்தோலிக்கரிடையே மோதல் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். அதற்கு நான்காண்டுகளுக்கு முன்பே, 2003 நவம்பரில், உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சாதிப் பாகுபாட்டின் சாயல்கூடத் திருச்சபையில் இருத்தலாகாது என்று வலியுறுத்தியிருந்தார். அவருக்கும் முன்னே, 1963 டிசம்பர் 4-இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டு, வழிபாட்டுச் செயல்கள் தனியார் செயல்கள் அல்ல, அவை திருச்சபை முழுவதின் கொண்டாட்டம் என்றது. வழிபாட்டில் தனி ஆளுக்கோ, வகுப்புக்கோ சிறப்பு மரியாதை கூடாது என்றும் அதே ஏட்டில் காணலாம். மாலையில் தனியாக வைக்கும் திருமுழுக்கையும் முன் வரிசை இருக்கைக்கான பூசலையும் ஒரே ஏட்டில் சங்கத் தந்தையர் தொட்டுவிட்டனர் எனலாம். இரண்டுக்கும் வேர் ஒன்றே. எல்லாருக்குமானதை 'எனக்கு' என்று ஒதுக்கிக்கொள்வதே அந்த வேர்.

மக்களில்லாத பாஸ்கா

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 12 உயிர்ப்புப் பெருவிழா. கொரோனா ஊரடங்கினால் ஆலயக் கதவுகள் மூடியிருந்தன. குருக்களாகிய நாம் வெற்று இருக்கைகளை நோக்கி 'ஆண்டவர் உங்களோடு இருப்பாராக' என்று சொன்னோம். திருப்பலி குறைவுபடவில்லை. ஆயினும் மறுமொழி சொல்ல ஆளில்லாதபோதுதான் அந்த 'உங்களோடு' என்ற சொல்லின் எடை தெரிந்தது. மக்களோ தொலைக்காட்சியின்முன் அமர்ந்து, நாவில் அப்பமின்றி ஆசையினால் நற்கருணை உட்கொண்டார்கள். தொடுதல் தடைப்பட்ட அந்நாள்களில்தான், தொடுதலை இழப்பது எத்தகைய பசி என்று நம்மில் பலர் முதன்முறையாக உணர்ந்தோம். நோய்க்காகச் சில மாதங்கள் நாம் பட்ட அப்பசியைச் சாதிக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பட்டவர்கள் நம் அருகிலேயே இருக்கிறார்கள். அதை எண்ணாமல் விட்டால், அந்த ஆண்டு நமக்கு எதையும் கற்பிக்கவில்லை என்றே பொருள்.

செய்யத்தக்கவை அரியன அல்ல. திருமுழுக்கை ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் மக்கள்முன் கொண்டாடலாம். ஞாயிறு அதற்குச் சிறந்த நாள் என்று சட்டமே பரிந்துரைக்கிறது. மூன்று நான்கு குழந்தைகளுக்குச் சேர்த்துக் கொண்டாடினால் மீனவரின் பிள்ளையும் அலுவலரின் பிள்ளையும் ஒரே தொட்டியருகில் நிற்கும். அன்பியத்தார் முன்னதாக அந்தந்த வீட்டுக்குச் சென்று செபித்து, பெற்றோரை அழைத்து வரலாம். தாயின் கையில் காசில்லாவிட்டால் வெள்ளைத் துணியை அன்பியமே வாங்கிக் கொடுக்கலாம். முதல் நற்கருணைக்குப் பட்டுப் பாவாடை, கோட்டு என்று போட்டியிடாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே எளிய வெள்ளுடை என்று பங்குப் பேரவை முடிவு செய்யலாம். ஞாயிறுதோறும் ஓலை வாசிக்கும்போது அதை வெறும் அறிவிப்பாகக் கேளாமல், அப்பெயருடைய இருவருக்காக மன்றாடலாம். நோயிற்பூசுதலைச் சாவின் முன்னறிவிப்பு என்று அஞ்சாமல், ஆண்டுக்கு ஒருமுறையேனும் முதியோரை ஆலயத்துக்கு அழைத்துவந்து எல்லார் முன்னிலையிலும் நடத்தலாம்.

புனித வாரத்தை ஒட்டி ஆயர், குருக்கள் புடைசூழ எண்ணெய்களை மந்திரிக்கிறார். 2002-இல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து நம் மறைமாவட்டம் உருவானது முதல் இது செங்கல்பட்டில் நடக்கிறது. அங்கிருந்து அந்த எண்ணெய் சிறு குப்பிகளில் எல்லாப் பங்குகளுக்கும் போகிறது. கடலோரத்துக் கோவளத்துக்கும் அதே எண்ணெய். மழைமலை மாதா வீற்றிருக்கும் அச்சிறுபாக்கத்துக்கும் அதே எண்ணெய். குப்பி வேறு, எண்ணெய் வேறன்று. சேரியில் கிடக்கும் மூதாட்டியின் நெற்றியிலும் மாடி வீட்டுப் பெரியவரின் நெற்றியிலும் பூசப்படுவது அதுவே.

பங்கின் திருமுழுக்கு ஏட்டையும் அவ்வாறே பார்க்க வேண்டும். குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், நாள், இடம் என்று எல்லாருக்கும் ஒரே வரிசை, ஒரே அளவு இடம். பிற்பாடு உறுதிபூசுதலும் திருமணமும் அதே பெயரின் ஓரத்தில் குறிக்கப்படுகின்றன. ஆண்டையின் கணக்கில் ஆளாக மட்டும் எண்ணப்பட்டவரின் பேரப்பிள்ளை இந்த ஏட்டில் தகப்பன் பெயரோடும் தாய் பெயரோடும் நிற்கிறான். மிராசுக் கணக்கு மறுத்த பங்கைத் திருச்சபை இங்கே எழுத்தில் கொடுத்திருக்கிறது. எழுத்தில் கொடுத்ததை வாழ்விலும் கொடுப்பது நம் கடன்.

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது விடை கூறலாம். திருச்சபையின் பங்கு பிறப்பினால் சிலருக்கு மட்டும் வரும் மிராசு அன்று. வலை இழுத்தவருக்கு மட்டும் கிடைக்கும் கூலியும் அன்று. இங்கே வலையை இழுத்தவர் ஒருவரே. கடைசி மணி நேரத்தில் திராட்சைத் தோட்டத்துக்கு வந்தவருக்கும் முழுக்கூலி கொடுத்த தலைவர் அவர். அவர் இழுத்ததில் நமக்கெல்லாம் பங்கு. இழுக்க வலுவற்ற குழந்தைக்கும் நோயாளிக்கும் அதில் குறையாத பங்கு.

நம்முடையது ஏரிகள் நிறைந்த சீமை. ஏரி நிரம்பிவிட்டதா என்று கரைமேல் நின்று பார்ப்பவர் உண்டு. ஆனால் உழவர் போய்ப் பார்ப்பது கடைமடை வயலை. தலைமடையில் உள்ளவர் தேக்கிக்கொண்டால் ஏரி நிரம்பியும் கடைமடை காய்ந்துபோகும். அதனால்தான் நம் முன்னோர் குடிமராமத்து என்று ஊர் கூடி வாய்க்காலைத் தூர்வாரினார்கள். அருளின் ஏரி வற்றுவதில்லை. வாய்க்காலைத் தூர்வாரும் வேலை பங்குமக்களாகிய நம்முடையது. நம் பங்கில் இன்னும் திருமுழுக்குப் பெறாமல் காத்திருக்கும் ஏழைக் குழந்தை எந்த வீட்டில் இருக்கிறது, நற்கருணை கிடைக்காமல் படுத்திருக்கும் முதியவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று இந்த வாரமே அன்பியத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வோம். அந்த வீட்டு வாசலுக்குக் குருவோடு சேர்ந்து நாமும் நடப்போம். ஆண்டவர் நமக்கு முன்பே அங்கு காத்திருக்கிறார்.